கடற்கரைப் பாதையை மறித்த வேலி

– உடும்பெண்டா எங்கடை உடும்பில்லை, கிருபன். ஒரு ஆளை நீட்டிப் படுக்கவைச்சா அதைவிட நீளம். விடிய படகு ஏறினா ஆசைதீரப் பாத்திட்டுப் பொழுதுபட வீட்டை வந்திடலாம். இந்தோனேசியாவிலை எத்தினை தீவிருந்தாலும் எங்கடை வீடிருக்கிற புளோரஸ் மாதிரி வராது, நான் சொல்லுறன்.

– இராசதுரை அண்ணை, உடும்பு பாக்கிறதெண்டா ரூர் போகலாம். நான் ஸ்தவாங்கரிலையிருந்து பிளேன் ஏறி ஒஸ்லோவிலை இந்த ரொம்சோசுக்கு வந்தது உங்கடை வீட்டைப் பற்றிக் கேக்க.

– அதையும் சொல்லுறன். யோகராணி, தம்பிக்கு வடையை வையும்.

– சாப்பிடுங்கோ தம்பி. அந்த வீட்டை விக்கிறதிலை எனக்கு விருப்பமில்லை. அதையும் இப்பவே சொல்லிப்போடுறன்.

– அக்காவுக்கு விருப்பமில்லையோ? அண்ணை போனிலை அப்பிடிச் சொல்லேல்லையே.

– அவ அப்பிடித்தான் சொல்லுவா, கிருபன். கையெழுத்து வைக்கிற நேரம் வைப்பா.

– வைப்பனோ?

– வைப்பீர், யோகராணி. நீர் வைப்பீர்.

– சரி அண்ணை, பிராக்டிக்கலாய்க் கதைப்பம். நிலம் எங்கடை பேரிலை வராதாமே?

– வராது. வெளிநாட்டுக்காரருக்குக் காணி உறுதி எழுதமாட்டினம். முப்பது வருசக் குத்தகைதான். முதல்லை கேக்கேக்கை நானும் வேண்டாமெண்டுதான் சொன்னனான். யாழ்ப்பாணத்தான் உறுதியில்லாமல் ஒரு பரப்பு வாங்குவானோ? பிறகு யோசிச்சன். எனக்கு இப்ப அறுபத்துமூண்டு. குத்தகை முடிஞ்ச பிறகு உறுதியை வைச்சு நான் என்ன செய்யிறது?

– அதை யோசிச்சது நான், தம்பி. இவர் அந்தக் கிழமை நித்திரை கொள்ளேல்லை.

– தண்ணி எப்பிடி, அண்ணை?

– அப்பிடிக் கேள்! இதுதான் எங்கடை ஆள். ஏஜென்ட் கடலைக் காட்டுறான், விறாந்தையைக் காட்டுறான், நான் நேரை கிணத்தடிக்குப் போய் அள்ளிக் குடிச்சுப் பாத்தனான். நல்ல தண்ணி. உவர் எண்டு ஒரு சொட்டில்லை.

– கரண்ட்?

– போகும். போனா வரும். இஞ்சை மாதிரி இருட்டுக்குளிரிலை கிடந்து விறைக்கவேண்டி வராதுதானே.

– ஆஸ்பத்திரி?

– அதை நான் சொல்லுறன், தம்பி. ஊரிலை ஒரு நேர்ஸ் இருக்கிறா. பெரிய வருத்தமெண்டா ரவுணுக்குப் போகவேணும், ரோட்டும் அவ்வளவு நல்லமில்லை. நான் ஒஸ்லோவிலை முதியோர் இல்லத்திலை வேலைசெய்து பென்ஷன் எடுத்தவள். எனக்கு அந்த நேர்ஸ் காணும்.

– சனம் எப்பிடி?

– மீன்பிடிகாரர். வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை பாடத் தொடங்கினா எங்கடை வீட்டு யன்னலெல்லாம் அதிரும். கொச்சிக்காய் உறைப்பு வேணுமெண்டா அங்கைதான் போகவேணும். கேளுங்கோவன், இவர் ஒரு நாள் சம்பலைத் தின்னிட்டு...

– அதை விடும், யோகராணி! கிருபன், பின்வாசலைத் திறந்தா கடல். மலைப்பக்கம் நீர்வீழ்ச்சி. வெள்ளைக்காரர் வாடகைக்குக் கேட்டு வருவாங்கள். நான் சொல்லுறன், நீ யோசிக்கவே தேவையில்லை.

– எல்லாம் நல்லாய்த்தானே இருக்கு? பிறகேன் விக்கிறியள்?

– அப்பிடிக் கேளுங்கோ தம்பி. இஞ்சேருங்கோ, சொல்லுங்கோவன் வேலிக்கதையை.

– சொல்லுறதுக்கு எனக்கென்ன வெக்கம்? கிருபன், குத்தகை எழுதி முடிச்ச கையோடை நான் செய்த முதல் வேலை என்னவாயிருக்கும்?

– வேலி அடைச்சிருப்பியள்.

– அடைச்சனான்! நாலு பக்கமும் மூங்கில் கதியால் நட்டு முள்ளுக்கம்பி இழுத்தன். எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு விரல்கூடப் போகேல்லை. நீதியான வேலி.

– கட்டில் வாங்க முதல் வேலி, தம்பி. நாங்கள் நிலத்திலை பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு கம்பி இழுத்தனாங்கள்.

– எல்லையைக் காட்டாட்டி அது வளவில்லை, அக்கா. அண்ணை செய்தது சரிதானே.

– சரி, ஆனா ஊர்ப்பெண்டுகள் கடலுக்குப் போற பாதை அந்த வளவுக்குள்ளாலைதான் போகுது. கடல் வத்தேக்கை சங்கு, சிப்பி பொறுக்கப் போறவை. அப்பன் பாட்டன் காலத்துப் பாதை. இவர் அதுக்குக் குறுக்கை முள்ளுக்கம்பியை இழுத்துப்போட்டார்.

– சுத்திப் போகேலாதோ?

– போகலாம். கூடையைத் தலையிலை வைச்சுக்கொண்டு பாறையிலை ஏறி இறங்கவேணும். வயித்துப்பிள்ளைக்காரி ஒருத்தி வழுக்கி விழப் பாத்தவள். நான் கண்ணாலை கண்டனான்.

– இஞ்சை பார் கிருபன், பாதை விடவேணுமெண்டு குத்தகையிலை ஒரு வரி இல்லை. நான் ஆளை வைச்சு வடிவாய் வாசிச்சுக் கேட்டனான்.

– தம்பி, ஆவணி பிறந்தா வாளியும் கையுமாய் ஆரின்ரையோ காட்டுக்கை பூந்து புளூபெரி ஆஞ்சுகொண்டு வாறவர் இந்த மனுசன். இவருக்கு அந்தக் காட்டிலை ஆர் பாதை எழுதிக் குடுத்ததெண்டு கேளுங்கோ.

– அது காடு, இது வளவு! காட்டிலை ஆரும் நடக்கலாமெண்டு இந்த நாட்டுச் சட்டமே சொல்லுது.

– அங்கையும் சட்டம்தான். எழுதிவைக்கேல்லை, அவ்வளவுதான்.

– ஊர்ச்சனம் சண்டைக்கு வந்ததோ, அண்ணை?

– வந்திருந்தா நானும் ரெண்டு கதைச்சிருப்பன். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. கண்டா சிரிப்பினம். நானும் எல்லாம் சரியெண்டு நினைச்சுக்கொண்டு, மலையிலை மூண்டு குளம் இருக்கு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு நிறம், அதைப் பாக்கவெண்டு வாடகை வான் பிடிச்சுப் போயிட்டன். தீவின்ரை மற்றக் கரை, போய்வர நாலு நாள். ஒரு குளம் நீலம், ஒண்டு பச்சை, ஒண்டு கறுப்பு. நீ கட்டாயம் பாக்கவேணும்.

– அண்ணை, வேலி.

– திரும்பி வாறன், வேலியில்லை! ஒரு கதியால் இல்லை! கம்பியைச் சுருட்டிக் கிணத்தடியிலை வைச்சிருக்கு. மூங்கிலெல்லாம் விறகு மாதிரி அடுக்கிக் கிடக்கு. பத்துப் பெடியளாவது சேந்து வந்திருப்பாங்கள்.

– அக்கா அப்ப எங்கை?

– நான் குளம் பாக்கப் போகேல்லை, தம்பி. வீட்டிலைதான்.

– அப்ப ஆரெண்டு கண்டிருப்பியளே?

– இவர் என்னைக் கேக்கவேயில்லை. வானாலை இறங்கின கையோடை ஊர்த்தலைவரிட்டை ஓடினவர்.

– ஓடினனான். அந்த ஆள் சிரிச்சார். கோப்பி தந்தார். எங்கடை எல்லையை மதிக்காத ஊரிலை எனக்கென்ன வேலை? ரிக்கெற்றை மாத்திக்கொண்டு இவவையும் கூட்டிக்கொண்டு வந்திட்டன்.

– தம்பி, நான் இந்த பிளாக்குக்கு வந்து முப்பது வருசமாகுது. என்ரை வீட்டுக்கு ஒருத்தர் வாறதெண்டா முதல்லை மெசேஜ் போட்டு நாள் குறிப்பினம். நான் பெத்த பிள்ளையளும் அப்பிடித்தான். வேலி போன பிறகு அங்கை விடிய எழும்பிப் பாத்தா குசினிவாசலிலை நாலைஞ்சு பெண்டுகள் இருப்பினம். அவையின்ரை பாஷை எனக்குத் தெரியாது, என்ரை பாஷை அவைக்குத் தெரியாது. கணவாய் கொண்டுவந்து தருவினம், நான் தேத்தண்ணி ஊத்திக் குடுப்பன். ஒருத்தி என்ரை தலையை மடியிலை இழுத்துவைச்சுப் பேன் பாத்தாள். எனக்கு அழுகை வந்திட்டுது. சந்தோசத்திலைதான், தம்பி. எனக்கு அங்கை இருக்கத்தான் ஆசை.

– பேன் பாத்தவைக்காக ஒரு மனுசன் தன்ரை வளவைத் திறந்துவிடுறதோ?

– பேனில்லாட்டியும் திறந்துவிடலாம்.

– அக்கா, குறை நினையாதையுங்கோ. எனக்கு மலையிலை ஒரு ஹித்தே, சின்ன லீவு வீடு, இருக்கு. லீவுக்குப் போனா கண்டவன் நிண்டவனெல்லாம் என்ரை யன்னலுக்குக் கீழாலை பனியிலை சறுக்கிக்கொண்டு போவான். காசு குடுத்து வாங்கின இடத்திலை எனக்கு அமைதி வேணும். அண்ணை, எனக்கு வீடு பிடிச்சிருக்கு. நான் எடுக்கிறன்.

– நான் சொன்னனான்தானே!

– ஆனா பிராக்டிக்கலாய்ப் பாத்தா, மூங்கிலிலை வேலி அடைச்சதுதான் நீங்கள் விட்ட பிழை. நான் ஆள் உயரத்துக்குக் கல்லாலை மதில் கட்டுவன். பத்துப் பெடியள் வந்தென்ன, ஊரே திரண்டு வந்தென்ன, அசையாது.

– அப்பிடிச் சொல்லு! எல்லையின்ரை அருமை தெரிஞ்ச ஆள்! யோகராணி, கேட்டீரோ? பேனையை எடும்.

– கேட்டனான். கட்டுங்கோ தம்பி, நல்லாய்க் கட்டுங்கோ.

– அப்ப அக்கா சம்மதமோ?

– பெடியள் ஒருத்தரும் வரேல்லை, தம்பி. அந்தக் கதியாலெல்லாம் நான்தான் தனிய ஒரு அலவாங்காலை கிண்டிக் கிளப்பினனான். உங்கடை மதிலெண்டா ஒரு சம்மட்டியும் வாங்கவேணும், அவ்வளவுதான்.