ஐந்தாவது நாற்காலி

எனக்கு முகராசி உண்டு என்று சின்ன வயதிலிருந்தே சொல்வார்கள். பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர் நின்றாலும், வழி தெரியாதவர் நேராக என்னிடம்தான் வருவார். முன்பின் தெரியாத பெண்கள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுப் பைக்குள் எதையாவது தேடுவார்கள். இன்று காலை உங்கள் காவல் நிலைய வராந்தா பெஞ்சில் காத்திருந்தபோதுகூட, மண்டையில் கட்டோடு வந்த ஒருவர் தன் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பார்த்துக்கொண்டேன்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரு வரிதான். முந்தாநாள் என் தங்கை இங்கே வந்து, நான்கு வருடத்துக்கு முன் இறந்த தன் குழந்தையைத் தானே கொன்றதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு மனநிலை சரியில்லை என்று அக்காவான நான் எழுதிக் கையெழுத்துப் போட்டால், மனநல மருத்துவமனையில் சேர்த்துவிடலாம், வழக்கு எதுவும் வேண்டாம் என்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் அவளுக்கு மனநிலை சரியாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு வரி போதாது.

என் வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் சமூக உளவியல் துறையில் இருக்கிறேன். தனியாக இருக்கும்போது ஒரு மாதிரி இருக்கும் மனிதன், நாலு பேரோடு சேர்ந்ததும் ஏன் வேறு மாதிரி ஆகிவிடுகிறான் என்பதைப் படிக்கும் துறை. வேலைக்கு எடுக்கும்போது பேராசிரியர் என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை. "நீங்க பொய் சொன்னா யாராவது கண்டுபிடிப்பாங்களா?" என்றுதான் கேட்டார். "நான் பொய் சொன்னதே இல்ல சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "இதை நானே நம்பிட்டேன். திங்கட்கிழமை வந்துடுங்க."

ஜன்னல் இல்லாத ஓர் அறை. வரிசையாக ஐந்து நாற்காலிகள். முதல் நான்கில் எங்களைப் போல் சம்பளத்துக்கு உட்காருகிறவர்கள். ஐந்தாவதில் விஷயம் தெரியாத ஒரு மாணவரோ மாணவியோ உட்காருவார். சுவரில் ஒரு படம் பத்து வினாடி வந்து மறையும். ஒரு தெரு, ஒரு ஆள், கையில் குடை. கையில் என்ன இருந்தது என்று வரிசையாகக் கேட்பார்கள். நாங்கள் நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகப் பை என்போம். ஐந்தாவது ஆள் நெளிவார், கன்னத்தைச் சொறிவார், கடைசியில் பல பேர் பை என்றே சொல்லிவிடுவார்கள். சிலர் வெளியே போகும்போது பையின் நிறத்தைக்கூடச் சொன்னதுண்டு.

நான் நான்காவது நாற்காலி. அது சுலபமான இடமில்லை. படபடவென்று சொன்னால் சந்தேகம் வரும். கொஞ்சம் தயங்க வேண்டும். படம் இருந்த வெற்றுச் சுவரை மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். பிறகு, சொல்லவே மனமில்லாதவள் போல, "பைதான்" என்று மெல்லச் சொல்ல வேண்டும். இதில் என்னை மிஞ்ச அந்தத் துறையில் ஆளில்லை. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்களுக்குப் பின்னால் தேவைப்படும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். வீட்டின் பின்பக்கம் தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி. கனமான இரும்பு மூடி. மோட்டார் பழுது என்பதால் தங்கை காலையில் மூடியைத் திறந்து இரண்டு வாளி தண்ணீர் எடுத்தாள். மதியம் குழந்தையைக் காணவில்லை. இரண்டரை வயது. பட்டு என்றுதான் கூப்பிடுவோம். அவள் ஒளிந்துகொண்டால் சிரிப்புச் சத்தம் கேட்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவோம். அன்று சத்தமே இல்லை. தொட்டி திறந்திருந்தது. அதற்கு மேல் இதை என்னால் சொல்ல முடியாது. உங்கள் பழைய கோப்பில் இருக்கும். விபத்து என்று முடித்தார்கள்.

வீட்டில் அது முடியவில்லை. "யாரு தொட்டியைத் திறந்து வெச்சது?" என்று தங்கையின் கணவர் ஒரே ஒரு தடவை கேட்டார். தங்கை சொன்னாள், "காலையில நான்தான் திறந்தேன். ஆனா மூடிட்டேங்க. கால வெச்சு அழுத்திக்கூடப் பார்த்தேன்." எல்லாரும் அவளையே பார்த்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. குழந்தையைத் தேடும்போது நான் முன் அறையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

தங்கை பிடித்த பிடியில் நின்றாள். மூடினேன், மூடினேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் ஆளுக்கொன்று சொன்னால் அந்த வீடு தாங்காது. அதை ஒரு வழிக்குக் கொண்டுவர யாராவது வேண்டுமல்லவா? விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே தங்கினேன்.

முதலில் அவளுடைய மாமியார். அவரிடம் எனக்கு வேலையே இல்லை. நாம் தடுக்கி விழுந்தால் தரை சரியில்லை என்போம், அடுத்தவர் விழுந்தால் கண் சரியில்லை என்போம் என்று பேராசிரியர் முதலாண்டு வகுப்பில் சொல்வார். முந்தைய மாதம் தங்கை அடுப்பில் பாலைப் பொங்க விட்டிருந்தாள். அன்று பட்டுவுக்குக் கடுமையான காய்ச்சல். மாமியாருக்குப் பால் ஞாபகம் இருந்தது, காய்ச்சல் ஞாபகம் இல்லை. நான் குற்றம் எதுவும் சொல்லவில்லை. "அவளைத் திட்டாதீங்க அத்தை. தூக்கமே இல்லாம இருந்தா பாவம், யாருக்குத்தான் மறக்காது" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மனசு யாருக்கு வரும்" என்று அழுதார். நானும் அழுதேன்.

அடுத்தது அவள் கணவர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இறுக்கிய திருகாணியையே இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கும் மனிதர். பொய் சொல்லத் தெரியாது.

"அன்னைக்குக் காலையில வண்டி எடுக்கப் பின்பக்கம் போனீங்கல்ல? மூடி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"கவனிக்கலக்கா."

"சரி விடுங்க. லேசாத் தூக்கிட்டு இருந்துச்சோன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

இரண்டு நாள் கழித்து நானே மறுபடி கேட்டேன். யோசித்தார். நாலாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தள்ளிவிட்டு, "நான் போறப்பவே லேசாத் தூக்கிட்டுத்தான் இருந்துச்சு. பார்த்துட்டும் மூடாமப் போயிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் தன் தலையிலும் பாதியை ஏற்றிக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான். ஆனால் வாய்விட்டுச் சொன்ன பிறகு, அவரைப் போன்ற நேர்மையான மனிதருக்கு அது உண்மையாக இருந்தே ஆக வேண்டும். அன்றிலிருந்து அந்தத் தூக்கிய மூடியை அவர் கண்ணால் பார்த்தார். எத்தனை விரல் இடைவெளி என்றுகூடச் சொன்னார்.

தங்கை தளர ஆரம்பித்தாள். அப்போதுதான் மாடி வீட்டுத் தையல்காரம்மா குறுக்கே வந்தார். பன்னிரண்டாம் நாள் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தவர், தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ மூடின சத்தம் எனக்குக் கேட்டுச்சும்மா. மிஷின்ல உட்கார்ந்திருந்தேன். டங்குன்னு கேட்டுச்சு" என்றார்.

அன்று தங்கை எழுந்து குளித்தாள். கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "அக்கா, நான் மூடியிருக்கேன்க்கா" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் கழுவிவைத்த தட்டையே எடுத்து மறுபடி கழுவினேன். சந்தோஷத்தில் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எங்கள் அறையில் இதையும் செய்து பார்த்திருக்கிறோம். நான்கு பேரில் ஒரே ஒருவரைக் குடை என்று சொல்லவைத்தால் போதும், ஐந்தாவது ஆளுக்கு முதுகெலும்பு வந்துவிடும். மற்ற மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்தினாலும் அசையமாட்டார். துணைக்கு ஓர் ஆள். அவ்வளவுதான் வேண்டும் மனிதனுக்கு.

ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அளவு கொடுத்துக்கொண்டே பேசினேன்.

"நீங்க சொன்னதுல இருந்து அவளுக்கு மறுபடி தூக்கம் போயிடுச்சுக்கா. அப்ப யாரு திறந்தது, யாரு திறந்ததுன்னு ஒரே புலம்பல். புருஷனைச் சந்தேகப்படறா, மாமியாரைச் சந்தேகப்படறா. குடும்பமே ரெண்டாயிடும் போல இருக்கு."

"ஐயையோ. ஆறுதலா இருக்கட்டுமேன்னுதாம்மா சொன்னேன்."

"தெரியும்க்கா. நீங்க ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவங்க. அது அன்னைக்குக் கேட்ட சத்தம்தானா? முந்தின நாள் கேட்டதா இருக்குமோ?"

அவர் அளவு நாடாவை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "அன்னைக்குத்தான்னு நெனச்சேன்" என்று மென்று விழுங்கினார். அடுத்த வாரம் தங்கை மாடிக்கே போய்க் கேட்டபோது, "முந்தின நாளா இருக்கும்மா, எனக்கும் வயசாகுது" என்று சொல்லி அனுப்பினாராம். ரவிக்கையை எனக்கு அழகாகத் தைத்துக் கொடுத்தார்.

தங்கை மாடிக்குப் போய் வந்த மறுநாள் சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். வெற்றுச் சுவரை ஒரு தடவை பார்த்தாள். "நான்தான்க்கா மூடாம விட்டிருக்கேன் போல" என்றாள். அந்த முகத்தை ஐந்தாவது நாற்காலியில் நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். இழுத்து அணைத்துக்கொண்டேன். "போனது போகட்டும்டி, நான் இருக்கேன்" என்றேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் பிரிந்தார்கள். அவர் வேறு ஊர்ப் பணிமனைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். தங்கை என்னோடு இருக்கிறாள். குழாயை மூடிவிட்டு அதன் முன்னால் அரைமணி நேரம் நிற்பாள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்பாள், தொட்டுவிடுவோமோ என்று. நான்தான் அவளுக்குத் தலை வாரி விடுகிறேன். சோறு பிசைந்து தருகிறேன். நான்கு வருடமாக என்னைப் பற்றி யாரும் ஒரு சொல் குறை சொன்னதில்லை. அக்கா என்றால் இவள் அல்லவா அக்கா என்பார்கள்.

தங்கை மூடியைச் சரியாகத்தான் மூடியிருந்தாள். மறுபடி திறந்தவள் நான். சாப்பிடும்போது சேலையில் குழம்பு சிந்திவிட்டது. யாரிடமும் சொல்லாமல் பின்பக்கம் போய் மூடியைத் தூக்கி ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் கழுவினேன். உள்ளே என் தொலைபேசி அடித்தது. பேராசிரியர். மறுநாள் ஒன்பது மணிக்கே வர முடியுமா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். சேலை ஈரம் காயும்வரை நின்றபடியே வேறு ஏதேதோ பேசினோம். பதினொரு நிமிடம்.

மறதிதான். அன்றே சொல்லியிருந்தால் மறதி என்றே விட்டிருப்பார்கள். மூன்றாம் நாள் சொன்னால் ஏன் இரண்டு நாள் பேசவில்லை என்பார்கள். மாடிக்குப் போய்விட்டு வந்த பிறகு அது மறதியே இல்லை. ஒவ்வொரு நாளும் நேற்றைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். அந்தக் கொஞ்சத்துக்கு யாரும் திரும்பிப் போவதில்லை. மேலும் மனது இரண்டு முரண்பட்ட விஷயத்தை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளாது, ஒன்றைத் திருத்திக்கொள்ளும் என்பது எங்கள் பாடத்திலேயே உண்டு. நான் நல்லவள் என்பதை என்னால் திருத்த முடியவில்லை. அதனால் மற்றதைத் திருத்தினேன். அவளைத் தேற்றுகிறேன் என்று பெயர் வைத்தேன். பட்டு என் மடியில்தான் தூங்குவாள். இன்றும் மடி கனக்கிறது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் அறையில் ஒரு விதி உண்டு. ஐந்தாவது ஆளை அப்படியே வெளியே அனுப்பக்கூடாது. உட்காரவைத்து, இவர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள், படத்தில் குடைதான் இருந்தது, உங்கள் கண்ணில் கோளாறில்லை என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும். பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

நீங்கள் கூப்பிட்டனுப்பியதும், நேற்றுக் காலை அவளை உட்காரவைத்துச் சொன்னேன். சேலை, சொம்பு, தொலைபேசி, மாடிக்குப் போனது, எதையும் விடவில்லை. கடைசிவரை கேட்டாள். முடித்ததும் என் கன்னத்தைத் தடவினாள். என்னோடு வந்து தங்கிய பிறகு அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"என்னைக் காப்பாத்த இவ்வளவு பெரிய பொய் சொல்லுவியாக்கா நீ?" என்றாள். "வேணாம்க்கா. நீ பின்பக்கம் வரவே இல்ல. தண்ணி எடுத்துட்டு வாளியத் தூக்கிட்டு உள்ள போனேன், மூடி திறந்தே கெடந்துச்சு. திரும்பிக்கூடப் பார்த்தேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா."

அவள் இன்னும் என் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. கை குளிர்ச்சியாக இருந்தது. நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன், அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஒருவரை வற்புறுத்தி ஒன்றை நம்பவைப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது.