குண்டு பட்டவரும் அடி பட்டவரும்

ஓடுகிறோம். முந்திரிக் காட்டுக்குள் ஓடுகிறோம். காலுக்கடியில் சருகு நொறுங்குகிறது. அந்தச் சத்தமே எங்களைக் காட்டிக்கொடுக்கிறது. பின்னால் விசில். பூட்ஸ். முன்னால் என் கணவர் சவரிமுத்து. அவருக்கும் முன்னால் அவருடைய அண்ணன் சூசை. என் பக்கத்தில் சூசையின் மனைவி பிலோமி. என் ஓரகத்தி.

"நிக்காதீங்க! ஓடுங்க!" சூசை கத்துகிறார்.

ஒரு வெடி. திருவிழா அதிர்வேட்டில் பாதிச் சத்தம்கூட இல்லை. சூசை குப்புற விழுந்தார்.

நாற்பத்திரண்டு, ஆவணி மாதம். அரியலூர்ப் பக்கம் ரயில் பாதையோரம் யாரோ தந்திக் கம்பியை அறுத்துவிட்டார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஜெயங்கொண்டத்துக்கு மேற்கே எங்கள் ஊர். காலைப் பூசை முடிந்து வெளியே வந்தோம். போலீஸ் லாரி நின்றது. ஆண்பிள்ளை என்றால் அடி. அதனால் ஓடினோம்.

அண்ணன் விழுந்ததும் என் கணவர் நின்றார். தூக்கப் போனார். ஓர் ஏட்டு துப்பாக்கிக் கட்டையால் அவர் விலாவில் இடித்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பச்சைக் கிளை முறிவதுபோல் ஒரு சத்தம். அது எலும்பு.

சூசை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியிலேயே இறந்தார். டாக்டர் குண்டை எடுத்தார். சான்று எழுதிக் கொடுத்தார். என் கணவர் வீட்டில் கிடந்தார். இருமினால் ரத்தம். அடுத்த ஞாயிறு பூசை மணி அடிக்கும்போது போய்விட்டார். பனைமரத்திலிருந்து விழுந்து செத்தார் என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அவர் பனை ஏறியதே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு பிலோமி மேல் பொறாமை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் வீட்டுக்குள்தான் முதலில் நுழைந்தார்கள். "சுட்டே கொன்னுட்டானுவளே, பாவிப் பயலுவ!" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னிடம் வந்து, "ஒடம்புக்கு முடியாமப் போயிட்டாராம்ல?" என்றார்கள். இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் இருந்தோம். இரண்டு பேருக்கும் வெள்ளைச் சேலை. அவளுக்குக் கிடைத்த குண்டு எனக்கும் கிடைத்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன். உலை கொதிக்கும்போது நினைத்தேன். ஜெபமாலை உருட்டும்போதும் நினைத்தேன்.

யுத்தம் முடிந்தது. நம்மவர் மந்திரிசபை வந்தது. அந்தத் துப்பாக்கிச் சூட்டை விசாரிக்க அதிகாரி ஒருவர் வந்தார். பிலோமிக்கு வக்கீல் வைத்தார்கள். நாற்காலி போட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அவள் சொல்வது சன்னல் வழியே கேட்கிறது.

எட்டிப் பார்த்தேன். பெஞ்சியில் அந்த ஏட்டு. என் கால் தானாக உள்ளே போயிற்று.

"எசமான்! இந்த ஆளுதாங்க எங்கூட்டுக்காரர அடிச்சுக் கொன்னது!"

"வெளிய போம்மா! வெளிய போ!" சேவகன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

அதிகாரி அவனை நிறுத்தினார். "பாத்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

பிலோமி எழுந்தாள். வக்கீல் குனிந்து அவள் காதோரம் முணுமுணுத்தார். "அதெல்லாம் பேசாதீங்கம்மா. உங்க கேசு கெட்டுடும்."

அவள் கேட்கவில்லை. "நான் பாத்தேங்க. எங்க அவரு விழுந்து கெடந்தாரு. கொழுந்தன் தூக்க வந்தாரு. இந்த ஏட்டையாதான் கட்டையால இடிச்சாரு. பனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அத்தனையும் பொய்யிங்க."

தீர்ப்பு வந்தது. சுட்ட சப்-இன்ஸ்பெக்டருக்கு வேலை போயிற்று. பிலோமி கேட்டது அதைத்தான். கிடைத்தது. ஏட்டு மேல் குற்றம் நிரூபணமாகவில்லை. டாக்டர் சான்று இல்லை. சாட்சி சொன்னவள் சொந்தக்காரி. அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் பிலோமி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒனக்கும் கெடைக்கும்னு நெனச்சேன் புள்ள," என்றாள். எனக்காக எழுந்து நின்றவள் அவள் ஒருத்திதான். அது தெரியும். இருந்தும் பொறாமை போகவில்லை. கல்லறைத் திருநாளில் அவள் மெழுகுதிரி ஏற்றும்போது ஊரே சுற்றி நிற்கிறது. சூசையின் கல்லில் சுடப்பட்டு இறந்தார் என்று வெட்டியிருக்கிறது. என் கணவரின் கல்லில் பெயர் மட்டும்தான்.

நாங்கள் இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன். சூசை, வயது முப்பத்திநாலு. சவரிமுத்து, வயது இருபத்தொன்பது. அந்த வருஷத்துக் கடலை முழுவதும். பிடுங்க ஆளில்லை, மண்ணுக்குள்ளேயே முளைத்துவிட்டது. வண்டி மாடு ஒரு ஜோடி, வயிற்றுப்பாட்டுக்கு விற்றது. என் வயிற்றில் மூன்று மாதமாக இருந்த பிள்ளை. என் கணவரை அடக்கம் செய்த அன்றே கலைந்துவிட்டது.

செத்தவர் ஒருவர் என்று தீர்ப்பில் இருக்கிறது. படிக்கிறவர்கள் மூன்று என்று திருத்திக்கொள்ளுங்கள்.