கோடு அதே எடத்துலதான் இருக்கு

இல்லண்ணே, நான் யாரு மேலயும் குத்தம் சொல்ற ஆளு இல்ல. ஆனா என் லாரிய இந்தக் கதிக்கு ஆக்கினது என் மச்சான்தான். தனேஸ்வரன், என் பொண்டாட்டி குமுதாவோட தம்பி. இன்ஜின முழுசா எறக்கி, பிஸ்டன் மாத்தி, எல்லாம் புதுசு. ஸ்டார்ட் பண்ணா? புடிக்கவே மாட்டேங்குது. வெள்ளப் பொகதான் குபுகுபுன்னு வருது. கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்கன்னு பக்கத்து வீட்டு சீனரு கதவச் சாத்துறாரு. அங்க தோட்டத்துல ஏத்த லாரி இல்லாம செம்பனப் பழக் குல அழுகிட்டுக் கெடக்கு.

நீங்க வேலையப் பாருங்கண்ணே, பாத்துக்கிட்டே கேளுங்க. பாவம், இந்த இன்ஜினப் பாக்க தாப்பாவுலேர்ந்து வந்திருக்கீங்க. டீ குடிக்கிறீங்களா? எனக்குன்னா குமுதா போட மாட்டா, உங்களுக்குன்னா போடுவா. எங்கிட்டப் பேச்ச நிறுத்தி ஒரு மாசமாச்சு. கோயிலு மீட்டிங்குல எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டேன்லா, டீசல் பொம்பு டைமிங் வைக்கத் தெரியாதவன்லாம் லாரி ரிப்பேரு பாக்குற போமன் வேல செய்யிறான்னு. தனேசு அப்ப எந்திரிச்சுப் போனவன்தான். ஞாயித்துக்கெழம எம் மகளுக்குப் பரிசம். தாய்மாமன் முன்ன நிக்கலன்னா மாப்ள வீட்டுல என்னா பேசுவாங்க? வர மாட்டானாம். தப்பு செஞ்சவனுக்கு ரோசத்தப் பாருங்க.

டைமிங் என்னா பெரிய வித்தையா? டீசல எப்பப் பீச்சணும்னு பொம்புக்குச் சொல்றதுதான. மொத பிஸ்டன் மேல ஏறி நிக்கணும், இன்ஜினுக்குப் பின்னால சுத்துற பிளைவீலு சக்கரத்துல கோடு சரியா நிக்கணும், அப்ப பொம்ப மாட்டணும். அவ்ளோதான். அவனும் குனிஞ்சு குனிஞ்சு பாத்து கோட்டக் கொண்டாந்து வச்சான். "மாமா, யாரும் தொட வேணாம்"னுட்டு இன்ஜெக்டர் எடுக்க ஈப்போவுக்குப் போயிட்டான்.

அன்னைக்கு வெள்ளிக்கெழம. லாரிக்குப் பூச போட சன்னாசி பூசாரிகிட்ட எப்பவோ சொல்லி வச்சாச்சு. இன்ஜின் வேல முடியலன்னா? நல்ல நேரம் காத்துக்கிட்டு நிக்குமா? பத்தரைக்கு ராகு காலம் வேற. சக்கரத்துக்கடியில எலுமிச்சங்கா வச்சா, லாரி ஏறி நசுக்கணுமில்ல? கோயிலு ஆளுங்க வந்து தள்ளினாங்க. கியருல கெடந்துச்சு போல, இன்ஜினும் சேந்து சுத்திருச்சு. இன்ஜெக்டர் கழட்டின ஓட்ட வழியா காத்து வெளிய போயிட்டதால லேசா உருண்டுச்சு. நாலு காயும் நசுங்கிருச்சு, பூசாரிக்குத் திருப்தி.

அதனால ஒன்னும் இல்லண்ணே. கோடு நகந்திருந்துச்சு, அவ்ளோதான். நான் என்னா வெவரம் கெட்டவனா? கம்பியப் போட்டு இன்ஜினச் சுத்தி, மயிரிழ பெசகாம கோட்டப் பழைய எடத்துலயே கொண்டாந்து வச்சிட்டேன். தனேசு வந்தான், பாத்தான், கோடு அப்படியே இருக்கு, பொம்ப மாட்டிட்டான். நான் ஒன்னும் சொல்லல. சொன்னா கத்துவான்.

ஏண்ணே ஸ்பானரக் கீழ வச்சிட்டீங்க?

என்னாது… அந்தக் கோடு ரெண்டு தடவ வருமா? ஒரு சுத்துல வந்தா டீசல் பீச்சணும்… அடுத்த சுத்துல வந்தா பொகைய வெளிய தள்ற நேரம்… நான் வச்சது எது?

ஓ.

வால்வப் பாத்தாத் தெரியுமா? அவன் வால்வப் பாத்துத்தான் வச்சிட்டுப் போனானா? நான்தான்… செத்த மெதுவாப் பேசுங்கண்ணே, வீட்டுல கேக்கும்.

குமுதா, நீ எப்ப வந்த? டீயா. அங்க வையி. அந்தக் கையில என்னா, போனா? ஸ்பீக்கர்ல வேற போட்டிருக்க. எப்பலேர்ந்து?

குடு.

…மச்சான். சாப்பிட்டீங்களா?