உறக்கத்தின் சம்மதம்

– “கனவுல நான் வேண்டாம்னு கத்தினா, அது உனக்குக் கேக்குமாப்பா?” என் பொண்ணு குழந்தையா இருந்தப்போ ஒரு தடவை இப்படித்தான் கேட்டா. உன் ஆராய்ச்சித் திட்டத்தைப் படிச்சதுலேர்ந்து அதுவே காதுல சுத்துது, டாக்டரம்மா.

– மெதுவாப் பேசுங்கண்ணா, ஆய்வுக்கு வந்திருக்கிற பெரியம்மா இப்பத்தான் கண்ணயர்ந்தாங்க. அப்புறம், டாக்டரம்மான்னு கிண்டல் வேண்டாம். மனுஷங்களை வெச்சு இந்த ஆராய்ச்சியைப் பண்ணலாம்னு நாளைக்கு உங்க நெறிமுறைக் குழு தலையாட்டினாத்தான் நான் டாக்டர். இல்லைன்னா இத்தனை வருஷ உழைப்பும் பாழ்.

– அதுக்குத்தான் இடத்தை நேர்ல பார்க்க வந்தேன். நல்லாத்தான் இருக்கு. நீலத் திரை, ஃபேன் சத்தம்... குளத்துக்கு அடியில உக்காந்திருக்கிற மாதிரி. எனக்கே கொட்டாவி வருது.

– வரட்டும், வரட்டும். உங்க கெமிஸ்ட்ரி வகுப்புல பசங்களுக்கு வராததா?

– காலை வாராதே. குரலைப் போட்டாச்சா?

– ஐயோ, அனுமதி இல்லாமலா? அறை பழகட்டும்னு இன்னைக்குச் சும்மா தூங்க வெச்சிருக்கேன். நீங்க சரின்னா, இறந்துபோன அவங்க பையன் குரலை ஆழ்ந்த தூக்கத்துல மெல்லக் கேக்க வைப்பேன். மனசு பாரம் குறையுதான்னு பார்க்கணும்.

– என்ன பேசியிருக்கான்?

– பெருசா ஒண்ணுமில்லை. போன்ல பதிவாகியிருந்ததுதான். “அம்மா, வர நேரமாகும். கதவைச் சாத்திட்டுப் படு”ன்னு.

– சாத்தியிருப்பாங்கன்னு நினைக்கிறியா?

– அவங்களே ஆசைப்பட்டு வந்தாங்கண்ணா. எல்லாத்தையும் வாய்விட்டுப் படிச்சுக் காட்டினேன். எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

– முழிச்சிருக்கிறவங்ககிட்ட சொன்னே. தூங்குறவங்க எப்படி விலகுவாங்க? செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்களா?

– அப்போ வேண்டாங்கறீங்க. நேரா சொல்லிடுங்களேன்.

– வேண்டாங்கலைம்மா. பக்கத்துல ஒரு ஆள் உக்காரட்டும். கையைப் பிடிச்சுக்கட்டும். கை இறுகினாலோ முகம் சுருங்கினாலோ குரலை நிறுத்திடட்டும். அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா! கையைத் தொட்டுட்டா, பாரம் குறைஞ்சது குரலாலயா கையாலயான்னு எப்படிப் பிரிச்சுச் சொல்வேன்? குடுவையில கண்டதையும் கலந்துட்டு நீங்க முடிவு எழுதுவீங்களா?

– குடுவை கண்ணு முழிச்சதும் வாசலைப் பார்க்குமா, தாயே?

– அந்த ஒரு கையால என் ஆய்வே படுத்துடும். தேர்வாளருங்க கிழிச்சுத் தொங்க விட்டுடுவாங்க. அண்ணா, நாற்காலியை இழுக்காதீங்க, கிறீச்சுங்குது பாருங்க!

– வந்துட்டியா? கதவு தொறந்துதான் இருக்கு... வா...

– ஐயோ, பெரியம்மா எழுந்துட்டாங்க.

– இல்லை. கண்ணு மூடித்தான் இருக்கு. தூக்கத்துல பேசுறாங்க.

– நான் குரலே போடலையேண்ணா. வெறும் நாற்காலிச் சத்தம்.

– கதவுச் சத்தம்னு நினைச்சுட்டாங்க.

– குரலைப் போட்டிருந்தா, முழிச்சதும் அறை முழுக்க அவனைத் தேடியிருப்பாங்க இல்ல? நான் அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால உக்காந்து, திரையில மூளை அலைக் கோடு ஏறுதா இறங்குதான்னு பார்த்துக்கிட்டு இருந்திருப்பேன்.

– அழாதேம்மா. நீயும் அவங்க நல்லதுக்குத்தானே ஆரம்பிச்சே. கடவுளுக்கு அது தெரியும்.

– ஆள் பக்கத்துல உக்காருவாங்கன்னு சேர்த்து எழுதிடறேன். குரலா கையான்னு தெரியலைன்னா, தெரியலைன்னே முடிவுல போடறேன். தேர்வாளருங்க என்ன வேணும்னாலும் சொல்லிக்கட்டும்.

– அப்படின்னா நாளைக்கு உனக்காக முதல்ல பேசுறவன் நான்தான். போய் எழுது.

– நீங்க வரலையா? வகுப்பு இருக்குமே.

– நான் போகலைன்னா பசங்க சந்தோஷமா இருப்பாங்க, அதைக் கெடுப்பானேன்? பெரியம்மா முழிக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கேன். நீ கிளம்பு.

– சரிண்ணா. நாற்காலியை மட்டும் இழுக்காதீங்க.

– போயிட்டா... தூங்குங்க பெரியம்மா. என்னை உங்களுக்கு அடையாளம் தெரியலை. காலையில “வணக்கம் சார்”ன்னீங்க. ரொம்ப வருஷம் முன்னாடி இந்தக் காலேஜ் விடுதியில ஒரு பையன் காய்ச்சல்ல கிடந்தான். அம்மா, அம்மான்னு பிதற்றிக்கிட்டிருந்தான். அவன் அம்மா செத்து அப்போ ஒரு மாசம்கூட ஆகலை. பெருக்க வந்த நீங்க துடைப்பத்தைக் கீழே போட்டுட்டு அவன் கட்டில்கிட்ட உக்காந்துட்டீங்க. உன் அம்மா நான் இல்லைன்னு சொல்லலை. ஆமான்னும் சொல்லலை. கையைப் பிடிச்சுக்கிட்டு, அவன் கூப்பிடுறப்பல்லாம் ஒரே பதிலைச் சொன்னீங்க.

– வந்துட்டியாப்பா?

– இங்கேதாம்மா இருக்கேன்.