வேண்டாம்னு சொன்ன வக்கீல்

செலவைக் குறைக்கிறதப் பத்திப் பேசிட்டிருந்தேன் இல்லையா... அதுக்கு நடுவுல ஒரு சின்னக் கதை, கேட்டுக்குங்க.

ஓசூர்ல கார் பிரேக் பாகங்கள் செய்ற ஒரு கம்பெனி. முதலாளி ராமபத்ரன். ஃபிட்டரா இருந்து மேல வந்தவர். அந்தக் கம்பெனியோட சட்டப் பிரிவுக்குத் தலைமை கமருன்னிசா. எந்தக் கேஸை எந்த வக்கீல்கிட்ட கொடுக்கணும், அவங்க போடுற பில் நியாயமா... எல்லாம் அந்தம்மா பொறுப்பு.

அங்க வேலை பார்த்த எஞ்சினியர் பூவராகன், வேலையை விட்டுட்டு சொந்தமா ஒரு ஷெட் போட்டார். அவரும் பிரேக் பாகம்தான் செஞ்சார். முதலாளிக்குக் கோபம் வருமா வராதா? வந்தது.

"என் டிசைனைத் திருடிட்டாம்மா. கேஸ் போடுங்க."

கமருன்னிசா ரெண்டு இடத்துல கேட்டாங்க. ஒண்ணு, சென்னையில பெரிய வக்கீல் நிறுவனம். அவங்க என்ன சொன்னாங்க? "தாராளமா போடலாம் மேடம். தோத்தா அப்பீல் போவோம். செலவு தாங்காம அவரே ஷெட்டை மூடிடுவார்."

இன்னொருத்தர் கிருஷ்ணகிரி வக்கீல் இன்பசேகரன். இப்படி ஒரு கம்பெனி கேஸ் வராதான்னு ஏங்கிட்டிருந்த மனுஷன். கம்பெனி பாகம், பூவராகன் செஞ்ச பாகம், ரெண்டையும் வாங்கி, விவரம் தெரிஞ்சவங்களை வச்சுப் பிரிச்சுப் பார்த்தார். பார்த்துட்டு...

"மேடம், அவர் எதையும் திருடல. நான் இந்தக் கேஸை எடுக்க மாட்டேன். நீங்களும் போடாதீங்க."

இதை முதலாளிகிட்ட போய்ச் சொல்லணுமே... யாருக்குத் தைரியம் வரும்? அந்தம்மா போனாங்க.

"நான் வக்கீலைத்தானே கேட்டேன்? ஜட்ஜையா கேட்டேன்?"ன்னார் முதலாளி.

"சார், ஜெயிக்க முடியாத கேஸை வச்சு ஒரு குடும்பத்தை நசுக்க என்னால கையெழுத்துப் போட முடியாது. வேற ஆள் போட்டுக்குங்க. அதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பாருங்க." பூவராகன் செஞ்ச பாகத்தை மேஜை மேல வச்சாங்க.

அவர் கையில எடுத்தார். திருப்பினார்... விரலால தடவிப் பார்த்தார்...

"இது நம்மளது இல்லம்மா... நம்மளதை விட நல்லா இருக்கு."

கேஸ் போடல. கொஞ்ச நாள்ல கமருன்னிசா இன்பசேகரனைக் கூப்பிட்டு, கம்பெனி வழக்குகளை எல்லாம் ஒப்படைச்சாங்க. அவருக்கு ஒண்ணும் புரியல.

"மேடம், நான் உங்க கேஸை வேண்டாம்னுல்ல சொன்னேன்?"

"அந்த வேண்டாமை வேற யாரும் எங்களுக்குச் சொல்லல சார்."

நண்பர்களே... வக்கீல் செலவுன்னா பில்லுல பேரம் பேசத்தான் நமக்குத் தெரியும். அந்தம்மா என்ன செஞ்சாங்க? இந்தக் கேஸே தேவையான்னு கேட்டாங்க. தன் வேலையையே பணயம் வச்சுக் கேட்டாங்க. தன் வருமானத்தை விட்டுக்கொடுத்து அந்த வக்கீல் உண்மையைச் சொன்னார். கோபத்துல இருந்த முதலாளியும் கடைசியில அதை ஒத்துக்கிட்டார்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் பாருங்க... உங்ககிட்ட காசு வாங்குறவங்கள்ல, உங்களுக்கு வேண்டாம்னு சொல்றவர் யாராவது இருக்காரா? இருந்தா விட்டுடாதீங்க. இல்லைன்னா... ஏன் இல்லைன்னு உங்களையே கேட்டுப் பாருங்க.