பத்து நொடிக்குள்

எனக்கு எலிகள் என்றால் உயிர், ஐயா. பதினாறு வருடமாக ஆய்வுக்கூடத்தில் அவற்றைப் பார்த்துக்கொண்டவன் நான். எங்கள் எலிகள் பிறவியிலேயே குண்டு. சர்க்கரை நோயும் உண்டு. அவற்றின் கல்லீரலில் சர்க்கரையைத் தயாரிக்கும் நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி.

எலியை ஆறு மணி நேரம் பட்டினி போட வேண்டும்; சாப்பிட்டிருந்தால் அந்த நொதி அடங்கிவிடும். மயக்க மருந்து கூடாது, நொதி மாறிவிடும். கழுத்தில் பென்சிலை அழுத்தி வாலை இழுத்தால் எலும்பு விட்டுப்போகும். கல்லீரலை வெட்டிப் பத்து நொடிக்குள் திரவ நைட்ரஜனில் போட வேண்டும். தாமதித்தால் அளவு தப்பாகிவிடும். நான் ஏழு நொடியைத் தாண்டியதே இல்லை.

டாக்டர் தாண்டுவார். இடுக்கியில் கல்லீரலைத் தொங்கவிட்டபடியே போனில் மச்சானிடம் அரட்டை அடிப்பார். அளவுகள் கன்னாபின்னாவென்று வந்ததும், எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உன் ஆமைக் கையாலதான்யா மூணு வருஷ வேலை நாசமாப் போச்சு. நாளையிலேர்ந்து கூண்டு கழுவு, போ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் கையை விட்டால் என்னிடம் வேறென்ன இருக்கிறது?

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் நீங்களும் அவசரப்படுத்துகிறீர்கள். "சீக்கிரம் சொல்லித் தொலைப்பா. காலைல எட்டு மணிலேர்ந்து பட்டினி, எனக்கும் சுகர்." சரி, சொல்கிறேன்.

நேற்று மதியம் சாப்பிட்டு முடித்து, டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். நல்ல பருமன், பத்து வருடச் சர்க்கரை; எங்கள் எலிகளைப் போலவே. கதவைத் தாழிட்டேன். இவ்வளவு பெரிய கழுத்துக்குப் பென்சில் போதாது. சிலிண்டர் திறக்கும் இரும்புச் சாவியால் பிடரியில் அடித்தேன். "அடப்பாவி" என்றார். மூன்றாவது அடியில் எலும்பு விட்டது. அவரை நான் தவிக்க விடவில்லை. வயிற்றைத் திறக்கத்தான் கொஞ்சம் பாடுபட்டேன். எலித்தோல் மாதிரி வராது. கல்லீரலில் கடலையளவு துண்டு வெட்டி நைட்ரஜனில் போட்டேன். ஆறு நொடி.

நொதியை அளந்தேன். மிகக் குறைவாக இருந்தது. அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டேன். மனிதர் அப்போதுதான் வயிறாரச் சாப்பிட்டிருந்தார். பட்டினி போட மறந்துவிட்டேன், ஐயா. பதினாறு வருடத்தில் நான் செய்த ஒரே தப்பு அதுதான்.

அந்த அளவு செல்லாது. என் கையில் குறை இல்லை என்று காட்ட, முறைப்படி இன்னொரு முறை செய்தாக வேண்டும்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை. அந்தச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், ஐயா. இன்னும் அரை மணி நேரம்தான்.