செபிக்காதபோதும் நினைத்தவர்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர், எங்கள் பங்குத்தந்தை அவர்களே! அனுபவத்தில் முதிர்ந்த ஆன்றோர்களே! அடுப்படி வேலையைப் பாதியில் விட்டு ஓடிவந்திருக்கும் அன்னையர்களே! வாவிக்காற்றாய் மனங்குளிர வந்திருக்கும் மட்டுநகர் மக்களே! டல்சியின் பணிவான வணக்கம்.

இறைவன் நம்மை நினைக்கிறாரா? இத்தனை கோடிப் பேருக்குள் என்னையுமா? இப்படிக் கேளாத நெஞ்சம் உண்டா?

வாகரையில் பிறந்தவர் செசீலியா அக்கா. கணவரையும் மகளையும் கடல்கோளில் இழந்து, இங்கே வாவிக்கரையில் தனியாளாய்க் குடியேறியவர். தோணியில் போய் இறால் பிடிப்பார். அதை அக்கரையில், காத்தான்குடியில் வாடிக்கையாக வாங்கும் பரீனா என்ற பெண்ணின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். தான் செத்தாலும் தேட ஆளில்லை என்று அடிக்கடி சொல்வார்.

போன மாரியில் ஒரு காலை. வாடைக்காற்று வாரியடித்தது, தோணி கவிழ்ந்தது. வாவியில் நட்டிருந்த, வலை கட்டும் கம்பொன்றைக் கட்டிப்பிடித்தபடி கழுத்தளவு நீரில் கிடந்தார். மழையில் கரை மறைந்தது. கூப்பிட்ட குரலைக் காற்றுக் கொண்டுபோயிற்று.

அக்கரையில் பரீனாவுக்குச் சோறு இறங்கவில்லை. இறால் வராத நாட்கள் எத்தனையோ. அன்றைக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மழைக்கு அக்கா வீட்டிலேயே நின்றிருப்பார் என்றார் கணவர் நௌஷாட். பரீனா விடவில்லை. இயந்திரத் தோணியை எடுக்கவைத்து, தானும் ஏறிக்கொண்டார். வாவியெங்கும் தேடினார்கள். அக்காவின் கை விறைத்து, பிடி நழுவும் வேளையில் தூக்கியெடுத்தார்கள்.

"உனக்கு எப்பிடிப் புள்ள தெரியும்?" என்று கேட்டிருக்கிறார் செசீலியா அக்கா.

"தெரியாதுக்கா. காலைலயிருந்து உங்கட நினைப்பாவே கிடந்திச்சு."

என்ன தம்பி, தற்செயல் என்கிறீர்களா? இருக்கட்டும், மிச்சத்தையும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் நான் அக்காவைப் பார்க்கப் போனேன். தண்ணீரில் கிடந்தபோது என்ன செபம் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"செபிக்கல்ல டல்சி. கோவத்துல இருந்தன். ஆண்டவரும் என்னைய மறந்திட்டார் எண்டுதான் நினைச்சன்."

அன்பர்களே! அழைத்த பின்பு வருவது உதவி. அழையாமலே வருவது அன்பு! அக்கா அவரை அழைக்கவில்லை; அவர் அக்காவை நினைத்தார். அக்கா செபிக்க வாய் திறக்கவில்லை. அவர் அக்கரையில் ஒரு மனத்தைத் திறந்தார். சினந்தாலும் நினைப்பார்! சோர்ந்தாலும் நினைப்பார்! மறுத்தாலும், மறந்தாலும், மாறாது நினைப்பார்!

ஆகவே, நாளை யாராவது ஒருவருடைய முகம் காரணமில்லாமல் உங்கள் மனதில் வந்து நின்றால், தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள். அது உங்கள் நினைவு மட்டும் அல்ல.

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு நெஞ்சு நிறைந்த நன்றி. சுகமாய் வீடு சேருங்கள், வணக்கம்.